லாங்ரைபிள்: பெயரைக் கடைசியாகப் படியுங்கள்

லாங்ரைபிளுக்குக் கென்டக்கி ரைபிள் என்று பெயர் நிலைத்துவிட்டாலும், நீளக்குழல் கொண்ட இந்தச் சக்கிமுக்கித் துப்பாக்கியின் பிறந்த வீடு பென்சில்வேனியா. 18-ஆம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய ஜெர்மானியக் கைவினைஞர்கள் வளர்த்தெடுத்தது. கைக்கு வந்ததும் எல்லோரும் குழலில் செய்தவர் பெயர் இருக்கிறதா என்றுதான் தேடுவார்கள். அது கடைசி வேலை.

முதல் வேலை, உள்ளே மருந்து இருக்கிறதா என்று பார்ப்பது. கருமருந்துக்கு வயதாவதில்லை, நூறு வருடம் சுவரில் தொங்கிய துப்பாக்கியும் வெடிக்கும். வாயை ஆளில்லாத பக்கம் திருப்பிவைத்து, மெல்லிய மரக்கோலை அடிவரை மெதுவாக இறக்குங்கள். குழல்வாய் மட்டத்தில் கோலில் ஒரு குறி. கோலை எடுத்து, குறி குழல்வாயோடு பொருந்தும்படி குழலின் வெளிப்புறமாக வையுங்கள். கோல்முனை பற்றுவாய்க்கு, அதாவது நெருப்பு உள்ளே போகும் பக்கத் துளைக்கு, நேராக வந்து நிற்கவேண்டும். ஓர் அங்குலம் முன்னாலேயே நின்றுவிட்டால் உள்ளே குண்டும் மருந்தும் கிடக்கலாம். நீங்களே தோண்டி எடுக்கப் போகாதீர்கள். பழைய துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள்.

காலத்தைச் சொல்வதில் தோளில் பதியும் அடிக்கட்டைதான் நம்பகமான சாட்சி. அதன் முனையில் இருக்கும் பித்தளைத் தகட்டின் அகலத்தை அளந்து பாருங்கள். 2 அங்குலத்தை ஒட்டி, வளைவில்லாமல் தட்டையாக இருந்தால் அமெரிக்கப் புரட்சிக்கு முந்தைய பாணி. ஒன்றரை அங்குலமோ அதற்கும் குறைவோ ஆகி, பிறைபோல ஆழமாகக் குடைந்திருந்தால் 1800-க்குப் பிந்தைய பாணி. 1820-களில் பிறை இன்னும் ஆழமாகும். கட்டையின் பக்கத்தில் உள்ள சிறு அறையின் மூடியும் பேசும். நழுவித் திறக்கும் மரமூடி பழையது. கீல் வைத்த பித்தளை மூடி பின்னால் வந்தது. வெள்ளி நட்சத்திரமும் பிறையும் கட்டை முழுக்க இறைந்து, மரச்செதுக்கு குறைந்திருந்தால் கைவினையின் பிற்காலம்.

பித்தளை மூடியைத் திறந்து திருகுகளையும் பாருங்கள். 1840-களின் நடுவரை மரத்திருகின் முனை மழுங்கல்தான். கூர்முனைத் திருகு ஒன்றே ஒன்று இருந்தால் பழுதுபார்த்திருக்கிறார்கள் என்று விடலாம். எல்லாமே கூர்முனை என்றால் அந்த மூடி விலையேற்றுவதற்காகப் பின்னால் பொருத்தப்பட்டதா என்று கேட்கவேண்டும்.

எண்கோணக் குழலின் நீளம் பெரும்பாலும் 42 முதல் 46 அங்குலம். பழையவற்றில் பின்பக்கம் தடித்து, நடுவில் மெலிந்து, வாயருகே மறுபடி சற்று விரியும். காலிப்பரால் மூன்று இடத்தில் அளந்தால் தெரிந்துவிடும். வாயருகே விரியாமல் சட்டென்று முடிந்தால் வெட்டியிருக்க வாய்ப்பு உண்டு. பற்றுவாய் அரித்துப்போனால் பின்பக்கத்தை வெட்டிக் குழலைப் பின்னுக்குத் தள்ளுவதும் அன்றாட வேலையாகத்தான் இருந்தது. அப்படிச் செய்ததில் பின் குறியின், அதாவது குறிபார்க்க உதவும் பின்பக்கத் தகட்டின், பழைய காடி அடைக்கப்பட்டிருக்கும்.

அதிகம் பேர் ஏமாறுவது லாக்கில், அதாவது பொறி தட்டி மருந்தைப் பற்றவைக்கும் விசையமைப்பில். லாக்கில் ‘கெட்லண்ட்’ என்று இருந்தால் அது பர்மிங்காமிலிருந்து இறக்குமதியான லாக்கின் பெயர். துப்பாக்கி செய்தவர் வேறு யாரோ. போதாதற்கு, 1820-களுக்குப் பிறகு ஏராளமான துப்பாக்கிகள் சக்கிமுக்கிக்குப் பதில் அடித்தால் வெடிக்கும் சிறு உலோகக் குப்பியால் பற்றவைக்கும் கேப் முறைக்கு மாற்றப்பட்டு, பின்னாளில் விற்பனைக்காக மறுபடி சக்கிமுக்கிக்குத் திருப்பப்பட்டன. லாக்கைக் கழற்றி உட்புறத்தைப் பாருங்கள்: அடைத்த துளைகள் தெரிகின்றனவா? பற்றுவாயைச் சுற்றி இரும்பு குழிவிழுந்திருக்க, பக்கத்திலுள்ள மருந்துக் கிண்ணம் மட்டும் புத்தம்புதிதாக இருந்தால் இரண்டும் ஒன்றாக மூப்படையவில்லை. திருப்பியதாலேயே துப்பாக்கி போலியாகிவிடாது, விலைதான் மாறும்.

இனி, பென்சில்வேனியாவில் எந்த ஊர் என்பது. லான்காஸ்டர் கட்டையின் மேல்கோடும் கீழ்க்கோடும் ஏறக்குறைய நேராகப் போகும். பித்தளை மூடியின் தலைப்பில் டெய்சிப் பூ அடிக்கடி வரும். லீஹை பள்ளத்தாக்கில் அடிக்கட்டை ரோமானிய மூக்குபோல வளைந்து இறங்கும். பெட்ஃபோர்ட் கவுண்டி (மாவட்டம்) துப்பாக்கி ஒடிசலானது, லாக்கும் நீண்டு ஒடுங்கியிருக்கும். ஊரும் பத்தாண்டும் தெரிந்துவிட்டால், பெயர் ஒரு கைப்பிடிக்குள் வந்துவிடும்.

இப்போது பெயரைப் படிக்கலாம். குழலின் மேல்முகத்தில், பின் குறிக்கும் பின்முனைக்கும் இடையில் தேடுங்கள். 1740-ல் பிறந்து 1822-ல் இறந்த ஜேக்கப் டிக்கர்ட் லான்காஸ்டரில் வேலை செய்தவர். ஆகவே அவர் பெயர் லீஹை வளைவுள்ள கட்டையில் இருந்தால் குழலோ கட்டையோ வேறு துப்பாக்கியுடையது, இல்லாவிட்டால் கையெழுத்தே பொய். பத்து மடங்கு லென்ஸில், பக்கவாட்டு வெளிச்சத்தில் பாருங்கள். உண்மையான வெட்டின் அடியிலும் குழலின் மேற்பரப்பில் உள்ள அதே கரும்பழுப்பு இருக்கும். துருக்குழிகள் எழுத்தின் கோட்டை அரித்துக்கொண்டு போயிருக்கும். கோடு குழிக்குள் இறங்கி ஏறினால், துருவுக்குப் பிறகுதான் யாரோ வெட்டியிருக்கிறார்கள். பென்சில்வேனியாவின் கிறிஸ்டியன்ஸ் ஸ்பிரிங் என்ற ஊரில் இருந்த துப்பாக்கிக் கொல்லர் கிறிஸ்டியன் ஆர்ட்டர்போல 1774, 1775 என்று ஆண்டையும் பொறித்தவர்கள் அரிது. ஆண்டு கண்ணில் பட்டால் சந்தேகத்தைக் கூட்டுங்கள், குறைக்காதீர்கள்.

பெயரே இல்லையென்றால் அந்தக் கவுண்டியின் பழைய வரிப்பட்டியலில் துப்பாக்கிக் கொல்லர் என்று பதிவானவர்களைத் தேடலாம். அதிலும் செதுக்கின் பாணி ஒத்துவராவிட்டால் ‘லான்காஸ்டர் பாணி, 1790-1810’ என்று எழுதி நிறுத்துங்கள். பித்தளையைத் தேய்த்துப் பளபளப்பாக்குவது மட்டும் வேண்டாம். நீங்கள் இவ்வளவு நேரம் படித்த சாட்சியம் அந்த அழுக்கில்தான் இருக்கிறது.