பாவித்த நிலைக்குத்து பான்ட்சோ: வாங்குவதும் திருத்துவதும்

உலோகம் வெட்டும் நிலைக்குத்து பான்ட்சோவை (மேல், கீழ் என இரு சக்கரங்களைச் சுற்றி ஓடும் நாடா போன்ற அலகால் வெட்டும் இயந்திரம்) பாவித்த நிலையில் வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது பெயின்ட்டையோ துருவையோ அன்று, அலகு ஓடும் வேகத்தையே. மரத்துக்கான பான்ட்சோவின் அலகு நிமிடத்துக்கு ஏறத்தாழ 900 மீற்றர் ஓடும். சாதாரண இரும்புக்கு 30 முதல் 60 மீற்றர் போதும். மர வேகத்தில் இரும்பை வைத்தால் பற்கள் சில விநாடிகளில் மழுங்கிவிடும். இன்வேர்ட்டர் (மின்சாரத்தின் ஹேர்ட்ஸை மாற்றும் கருவி) பொருத்தி மோட்டாரின் வேகத்தைக் குறைக்கலாமே என்று விற்பவர் சொல்லக்கூடும். மோட்டாரைப் பதினெட்டில் ஒரு பங்கு வேகத்துக்கு இறக்கினால் அதன் வலுவும் அந்த அளவுக்குக் குறையும். அதன் விசிறியும் மெதுவாகச் சுற்றுவதால் சூடேறும். எனவே வேகம் குறைக்கும் கியர்பெட்டி இல்லாத இயந்திரத்தை, அலுமினியம் மட்டும் வெட்டுபவரைத் தவிர, மற்றவர்கள் விட்டுவிடுவதே நல்லது.

கியர்பெட்டி இருந்தால் அதன் எண்ணெயில் சிறிதளவை வெள்ளைத் துணியில் எடுத்துப் பாருங்கள். பொன்னிறத் தூள் மினுங்கினால் உள்ளே வெண்கலப் பல்சக்கரம் தேய்கிறது. அதைப் புதிதாகக் கடைந்து பல் வெட்டுவிக்கும் செலவு, இயந்திரத்தின் மலிவு விலையை விழுங்கிவிடும். சக்கரங்களின் மேலுள்ள றப்பர், பெயாரிங், அலகை விலகாமல் பிடிக்கும் கைட் ஆகியவை தேய்ந்திருப்பது விலையைக் குறைத்துக் கேட்கக் காரணமே தவிர, வாங்காமல் விடக் காரணமன்று. கைச்சக்கரத்தைத் திருகி வேகம் மாற்றும் வகை இயந்திரமாயின், ஓடும்போது மட்டுமே அதைத் திருக வேண்டும். நிற்கும்போது திருகினால் பெல்ட்டும் கப்பியும் சேதமடையும்.

ஜப்பானிலிருந்து வரும் இயந்திரங்களில் மின்சாரமே பெரிய சிக்கல். அங்கே த்ரீ பேஸ் 200 வோல்ட். இங்கே இலங்கையில் பேஸ்களுக்கிடையே 400 வோல்ட். மோட்டாரின் பெயர்த்தகட்டைப் படிக்காமல் இணைத்தால் மோட்டார் கருகும். பட்டறையில் த்ரீ பேஸ் இருப்பவர் 400ஐ 200 ஆக இறக்கும் ட்ரான்ஸ்போமரைப் பொருத்தலாம். வீட்டு 230 வோல்ட் மட்டும் உள்ளவர், அதை த்ரீ பேஸாக மாற்றும் இன்வேர்ட்டரை வாங்கி, பெயர்த்தகட்டில் உள்ள வோல்ட்டையும் ஹேர்ட்ஸையும் அதில் பதிக்க வேண்டும். ஆனால் இயந்திரத்தின் உடம்பிலேயே உள்ள, அலகின் இரு முனைகளையும் ஒட்டும் வெல்டருக்கு அந்த இன்வேர்ட்டரிலிருந்து மின்சாரம் கொடுக்கக் கூடாது. அதற்குத் தனி ட்ரான்ஸ்போமர் வேண்டும். இந்த வேலையை மின்னியலாளரிடமே விடுங்கள்.

கொழும்பின் உப்புக்காற்றில் மேசைத் தட்டு துருப்பிடிப்பது வழக்கம். மண்ணெண்ணெய் ஊற்றித் தட்டையான சாணைக்கல்லால் தேய்த்தால் போதும். கிரைண்டரை வைத்தால் மேசை பள்ளமாகும். பெயாரிங்குகளின் பக்கத்தில் பொறித்த எண்ணைக் குறித்துக்கொண்டு, பழையதையும் கையோடு, உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தைக்கு எடுத்துச் செல்லுங்கள். சக்கர றப்பர் நகத்தால் அழுத்தியும் பதியாமல் வெடித்திருந்தால் மாற்ற வேண்டும். நடுவில் சற்று மேடாக இருக்கும்படி அதைத் தேய்த்தெடுக்க வேண்டும், ஏனெனில் அலகைச் சக்கரத்தின் நடுவே நிறுத்துவது அந்த மேடுதான். கீழ்ச்சக்கரத்தில் பொடி துடைக்கும் தூரிகை பெரும்பாலும் காணாமல் போயிருக்கும். அற்பமாகத் தோன்றினாலும், அது இல்லாவிட்டால் இரும்புப்பொடி புதிய றப்பரிலும் பதிந்துவிடும்.

மின்சாரத்தைத் துண்டித்த பின், பற்கள் கீழ்நோக்கியிருக்க அலகை மாட்டி, கைட்களைத் தள்ளி வைத்துவிட்டு, இழுவையை ஏற்றிக் கையால் சுழற்றுங்கள். மேல்சக்கரத்தின் சாய்வைத் திருத்தி அலகு ஒரே இடத்தில் ஓடத் தொடங்கிய பிறகே கைட்களைக் கிட்டக் கொண்டுவர வேண்டும்: பக்கக் கைட்களுக்கு ஒரு தாளின் தடிப்பளவு இடைவெளி, அவை பற்களைத் தொடக் கூடாது. பின்பக்க பெயாரிங் வெட்டும்போது மட்டுமே அலகின் முதுகைத் தொட வேண்டும்.

அலகை நீங்களே ஒட்டினால், ஒட்டிய இடத்தை மங்கிய சிவப்பாக மீண்டும் சூடாக்கி மெதுவாக ஆறவிடுங்கள். இல்லையேல் கண்ணாடி போல் ஒடியும். பிதுங்கிய உலோகத்தை இருபுறமும் தேய்த்துச் சமப்படுத்துங்கள். வெட்டும் தடிப்புக்குள் எப்போதும் மூன்று பற்களாவது இருக்க வேண்டும். 6 மில்லிமீற்றர் தகட்டுக்கு அங்குலத்துக்கு 14 பல் அலகு பொருந்தும். புதிய அலகின் முதல் சில வெட்டுகளில் வழக்கமான அழுத்தத்தில் பாதியே கொடுங்கள்.