காரைக்குடியில் கடைக் கட்டடத்துக்கு அனுமதி வாங்க: வரைபடத்துக்கு முன்னால் செய்ய வேண்டியவை

என்னிடம் பிளான் போட வருகிறவர்கள் உட்கார்ந்ததும் கைபேசியை நீட்டுவார்கள். மதுரையிலோ கோயம்புத்தூரிலோ பார்த்த கண்ணாடி முகப்பு ஒன்று அதில் இருக்கும். "இதே எலிவேஷன் வேணும் தம்பி." நான் கேட்பது இரண்டு கேள்வி. பட்டா யார் பெயரில் இருக்கிறது? வாசலில் உள்ள ரோடு எவ்வளவு அகலம்? இது தெளிவாகும்வரை வரைபடத்துக்குக் காசு கொடுக்காதீர்கள், எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நான் பார்த்தவரை இங்கே கடைக் கட்டட விண்ணப்பங்கள் சிக்கி நிற்பது இந்த இரண்டு இடத்தில்தான்.

காரைக்குடி 2024இல் மாநகராட்சி ஆகிவிட்டது. கோட்டையூர், கண்டனூர் எல்லாம் இதற்குள் வந்துவிட்டன. "முன்னாடி ஆபீசில் போய்ச் சொன்னாலே முடிஞ்சிடும்" என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இப்போது எல்லாமே ஒற்றைச் சாளர இணையதளம் வழியாகத்தான். இன்னொரு குழப்பமும் உண்டு. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, சுயசான்று முறையில் உடனே அனுமதி தரும் திட்டம் 2024 ஜூலையில் வந்தது. அது வீட்டுக்கு மட்டும். கீழே கடை, மேலே வீடு என்று கட்டப் போகிறவர் அந்த வழியில் போக முடியாது.

சரி, பட்டாவுக்கு வருவோம். செட்டிநாட்டில் இதுதான் பெரிய வேலை. பூர்வீக மனையென்றால் கூட்டுப் பட்டாவில் பத்துப் பதினைந்து பெயர் இருக்கும். பாதிப் பேர் காலமாகியிருப்பார்கள், மீதிப் பேர் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருப்பார்கள். சுவீகாரம், அதாவது தத்துப் போனவர் பெயர் பிறந்த வீட்டுப் பட்டாவிலும் கிடக்கும். 1956ஆம் ஆண்டின் இந்துத் தத்தெடுப்புச் சட்டப்படி சுவீகாரம் போனவருக்குப் பிறந்த குடும்பத்தோடு இருந்த உறவு அற்றுப்போகிறது. ஆனால் அதற்கு முன்பே அவருக்குச் சேர்ந்துவிட்ட சொத்து அவரோடுதான் போகும். அதனால் "அவர்தான் போயிட்டாரே" என்று நீங்களாகப் பெயரை அடித்துவிடக் கூடாது, வழக்கறிஞரிடம் காட்டுங்கள். பாகப்பிரிவினையோ, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமோ பதிவு செய்து, பட்டாவை ஒருவர் பெயருக்குக் கொண்டுவந்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம். அக்கா தங்கச்சிகளை விட்டுவிட்டுப் போடும் பாகப்பிரிவினை வேண்டவே வேண்டாம். ஆண் பிள்ளைகளுக்கு உள்ள பங்கு பெண்களுக்கும் உண்டு. கட்டடம் பாதி எழும்பும்போது தடையாணை வந்தால் வங்கி வட்டி நிற்காது.

வெளிநாட்டில் இருக்கும் பங்காளி வர முடியாவிட்டால், தனக்காக இங்கே கையெழுத்திட ஒருவரை நியமிக்கும் அதிகாரப் பத்திரம் (பவர்) அனுப்பலாம். அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டுச் சான்று பெற்று அனுப்ப வேண்டும். இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். கூரியர் உறையைத் தூக்கி எறியாதீர்கள். பத்திரம் எந்தத் தேதியில் வந்தது என்பதற்கு அந்த உறைதான் ஆதாரம்.

அடுத்து அளவு. பத்திரத்தில் சென்ட் அல்லது அடி, பட்டாவில் ஏர் அல்லது சதுர மீட்டர். ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி, ஓர் ஏர் என்பது 100 சதுர மீட்டர். பத்திரத்தில் 5 சென்ட் என்று இருந்தால் 2,178 சதுர அடி, அதாவது சுமார் 202 சதுர மீட்டர். பட்டாவில் 2 ஏர் என்று இருந்தால் 200தான். நேரில் அளந்தால் பக்கத்துச் சுவர் உள்ளே வந்து 194 நிற்கும். பத்திரம், பட்டா, இடம் மூன்றில் எது குறைவோ அதைத்தான் எடுப்பார்கள். எனவே சர்வேயரை வைத்து முதலிலேயே அளந்துவிடுங்கள். சர்வே துறையின் அளவுப் படமான புலப்படத்தையும் கையில் வைத்துக்கொண்டு இடத்தில் நில்லுங்கள். மனை ஓரமாக இரண்டு இணைகோடுகள் ஓடி, அதற்குத் தனிப் புல எண் இருந்தால், அது ஊருணிக்கோ கண்மாய்க்கோ போகும் வரத்துக்கால். தரையில் குப்பை மேடாகத் தெரியும், யாரோ கொட்டகைகூடப் போட்டிருப்பார்கள். பதிவேட்டில் அது வாய்க்கால் புறம்போக்குதான், அதாவது அரசு நிலம். அதன் மேல் ஒரு படிக்கட்டு வரைந்தாலும் கோப்பு திரும்பி வரும்.

புதிய நகரில் மனை வாங்கியவர்கள், அது அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவா என்று பாருங்கள். அங்கீகாரமில்லாத மனைகளை வரன்முறைப்படுத்த 2017இல் விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20 வரை பதிவான மனைகளுக்கானது அது. வரன்முறை ஆணை கையில் இல்லையென்றால் அதை முடித்துவிட்டு அப்புறம் கட்டடத்துக்கு வாருங்கள். மனை எந்த நில உபயோக மண்டலத்தில் (குடியிருப்பா, வணிகமா என்று) வருகிறது என்பதையும் நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் அன்றைக்கே கேட்டுவிடலாம்.

இப்போது ரோடு. 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள்தான் தமிழ்நாடு முழுக்க. எவ்வளவு உயரம், எவ்வளவு பக்க இடைவெளி என்பது பெரும்பாலும் ரோட்டின் அகலத்தைப் பொறுத்தது. நூறடி ரோட்டில் யாருக்கும் கவலையில்லை. கல்லுக்கட்டிப் பக்கத்துச் சந்துகளில் டேப்பைப் பிடித்தால்தான் தெரியும். ஆளாளுக்குப் படியையும் சாய்தளத்தையும் சாக்கடைக்கு மேல் இழுத்துவிட்டிருப்பார்கள். டேப்பில் வந்த அகலத்தையும் பதிவேட்டில் உள்ள அகலத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். முனை மனையென்றால் மூலையை வெட்டிவிட வேண்டும். அந்த இடத்தில்தான் எல்லோரும் ஷட்டர் வைக்க ஆசைப்படுவார்கள்.

இரண்டு தெருவுக்கும் வாசல் உள்ள பழைய வீட்டுக்காரர்களுக்கு என் யோசனை ஒன்று. முகப்பையும் வளவையும் (உள்முற்றப் பகுதி) இடிக்காதீர்கள், பின்தெருப் பக்கம் கட்டுங்கள். அந்தத் தேக்குத் தூண்களும் ஆத்தங்குடிக் கல்லும் போனால் திரும்பி வராது. ஆனால் பழைய வீட்டின் பரப்பும் தளப்பரப்புக் கணக்கில், அதாவது எல்லாத் தளங்களையும் கூட்டிய பரப்பில் சேரும். சாதாரணக் கட்டடத்துக்கு மனைப் பரப்பைப்போல இரண்டு மடங்குவரைதான் கட்டலாம், அதிலிருந்து வீட்டின் பரப்பைக் கழித்துக்கொள்ளுங்கள். வீட்டையே ஓட்டலாக மாற்றுகிறவர்களுக்கும் உபயோக மாற்ற அனுமதி வேண்டும்.

இதற்குப் பிறகுதான் வரைபடம். பதிவு பெற்ற பொறியாளரோ கட்டடக் கலைஞரோ கையெழுத்திட வேண்டும். உயரம் 18.30 மீட்டரைத் தாண்டினால் உயரமான கட்டடம் ஆகிவிடும், அதற்கு விதிகளே வேறு. நம் ஊர்க் கடைகளுக்கு அவ்வளவு தேவைப்படாது. இங்கே சிக்கல் வண்டி நிறுத்துமிடம்தான். பிளானில் பார்க்கிங் என்று காட்டிவிட்டுப் பிறகு குடோன் ஆக்கும் எண்ணம் இருந்தால் என்னிடம் வராதீர்கள். மழைநீர்ச் சேகரிப்பு, 1:12 சரிவில் சக்கர நாற்காலி ஏறும் சாய்தளம், மாற்றுத்திறனாளிக் கழிப்பறை ஆகியவற்றை முதல் வரைபடத்திலேயே போட்டுவிடுங்கள்.

மற்றத் துறைகள் தரும் தடையின்மைச் சான்று எல்லோருக்கும் எல்லாமும் தேவையில்லை. தேசிய நெடுஞ்சாலையில் வாசல் வைத்தால் நெடுஞ்சாலைத் துறை. மண்டபம், ஓட்டல் என்றால் தீயணைப்புத் துறை. திருமயம் கோட்டை போன்ற தொல்லியல் சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டவே முடியாது. அதற்கு அடுத்த 200 மீட்டருக்குத் தனி அனுமதி வாங்க வேண்டும். சிறிய கட்டடங்களை மாநகராட்சியே முடிக்கும், பெரியவை மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்குப் போகும். சென்னையில் இடம் வைத்திருக்கும் நம் ஆட்களுக்கு சிஎம்டிஏ, அதாவது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம். ஆவணங்கள் ஏறக்குறைய இதேதான்.

கட்டணத்தில் பலர் எதிர்பார்க்காதது, கட்டுமான மதிப்பில் 1 சதவீதம் தொழிலாளர் நல நிதி. வளர்ச்சிக் கட்டணம், உட்கட்டமைப்புக் கட்டணம் எல்லாம் தனி. எவ்வளவு கட்ட வேண்டும் என்ற கேட்புச் சீட்டு இணையத்தில் வரும், கட்டுவதும் அங்கேயே. கையில் ரொக்கம் கேட்கிறவர் யாராக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

அனுமதி வந்த பிறகு மேஸ்திரி "ஒரு அடி தள்ளிக்கலாம் அண்ணே" என்பார். விடாதீர்கள். முடிந்ததும் நிறைவுச் சான்றிதழுக்கு வந்து அளப்பார்கள். மின் இணைப்புக்கு அந்தச் சான்றிதழைக் கேட்பார்கள். சிறிய கட்டடங்களுக்கு விலக்கு உண்டு, அந்த வரம்பு அவ்வப்போது மாறுகிறது என்பதால் விண்ணப்பிக்கும் நாளில் பார்த்துக்கொள்ளுங்கள். விலக்கு இருந்தாலும் முதல் மாடியை வங்கிக் கிளைக்கு வாடகைக்கு விடும் எண்ணமிருந்தால், அனுமதி ஆணை, முத்திரையிட்ட வரைபடம், வரி ரசீது மூன்றையும் ஒரே கோப்பில் போட்டு வையுங்கள். வாடகை பேசும் முன்பே அவர்களுடைய வழக்கறிஞர் அதைத்தான் கேட்பார்.