ஆசிரியர் சங்கத்தால் படிப்பு கெடுகிறதா? டர்பன் பெற்றோர் ஆராய்ந்து பார்க்கும் முறை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரைச் சேர்ந்த சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் பகுதிகளில் பிள்ளைகளின் மதிப்பெண் குறைந்தால் பெற்றோர் பலரும் ஆசிரியர் சங்கத்தையே குறை கூறுகிறார்கள். அது சரிதானா என்பதை அவரவர் பள்ளியிலேயே ஆராய்ந்து பார்க்க முடியும். 2021ஆம் ஆண்டின் பன்னாட்டு வாசிப்புத் தேர்வில் தென்னாப்பிரிக்காவின் நான்காம் வகுப்பு மாணவர்களில் 81 விழுக்காட்டினர் வாசித்ததைப் புரிந்துகொள்ளும் நிலையை எட்டவில்லை. இதற்கு வறுமை, வகுப்பறை நெரிசல், பயிற்றுமொழி எனப் பல காரணங்கள் இருப்பதால், சங்கத்தின் பங்கைத் தனியாகப் பிரித்தறிய வேண்டும்.

முதலில் பாட நேரத்தைப் பாருங்கள். 2007 ஜூனில் ஏறக்குறைய நான்கு வாரமும், 2010இல் மெட்ரிக் எனப்படும் பள்ளி இறுதித் தேர்வுக்கான முன்தேர்வை ஒட்டி ஏறக்குறைய மூன்று வாரமும் நடந்த அரசு ஊழியர் வேலைநிறுத்தங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். ஆனால் சிறுகச் சிறுக இழக்கும் நேரம் கண்ணில் படுவதில்லை. பிள்ளையின் கணக்கு நோட்டை எடுத்து, பக்கத்தின் மேலுள்ள தேதிகளை வகுப்பு அட்டவணையோடு ஒப்பிட்டு, எழுதப்படாத நாட்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நாட்களில் ஆசிரியர் நோயுற்றிருந்தாரா, கல்வித் துறையின் பயிற்சிக்குச் சென்றாரா, சங்கக் கூட்டத்திற்குச் சென்றாரா என்று தலைமையாசிரியரிடம் பணிவாகக் கேளுங்கள். இந்த மூன்றையும் ஒன்றாகக் கலந்து பழி சுமத்துவது ஆசிரியருக்கு இழைக்கும் அநீதி.

அடுத்து, ஆசிரியர், தலைமையாசிரியர் பணி நியமனத்தைப் பாருங்கள். அதுவே மிக முக்கியமான இடம். பேராசிரியர் ஜான் வோல்மிங்க் தலைமையிலான விசாரணைக் குழு 2016இல் அளித்த அறிக்கை, பணியிடங்கள் பணத்துக்கு விற்கப்பட்டதையும், ஒன்பது மாகாணங்களில் ஆறில் கல்வித் துறை தென்னாப்பிரிக்க ஜனநாயக ஆசிரியர் சங்கத்தின் பிடியில் இருந்ததையும் கூறியது. சங்கம் அதை மறுத்தது. தகுதி குறைந்தவர் தலைமையாசிரியரானால் அந்தப் பள்ளியின் பிள்ளைகள் பல ஆண்டுகள் அதன் விளைவைச் சுமக்கிறார்கள் என்பதால், பெற்றோர் இங்கே அசட்டையாக இருக்கவே கூடாது. 1996ஆம் ஆண்டுப் பள்ளிச் சட்டப்படி ஒவ்வொரு பள்ளியின் நிர்வாகக் குழுவிலும் பெற்றோரே பெரும்பான்மையினர். நியமனத்துக்குப் பெயர்களைப் பரிந்துரைப்பதும் அக்குழுவே. ஆகவே தேர்தலில் நின்று உறுப்பினராகுங்கள். நேர்காணலில் சங்கப் பிரதிநிதி பார்வையாளர் மட்டுமே. அவர் மதிப்பெண் வழங்கவோ, உறுப்பினரை வற்புறுத்தவோ முற்பட்டால், உங்கள் ஆட்சேபத்தை அந்தக் கணமே கூட்டக் குறிப்பில் பதியச் செய்யுங்கள். கல்வித் துறை கேட்ட இரண்டு மாதத்துக்குள் நிர்வாகக் குழு பரிந்துரையை அனுப்பாவிட்டால், அது இல்லாமலேயே நியமிக்கும் அதிகாரம் துறைத் தலைவருக்கு உண்டு.

சங்கத்தால் விளைந்த நன்மையையும் எழுதிக்கொள்ளுங்கள். டர்பன் இருந்த அன்றைய நேட்டால் மாகாணத்தின் இந்திய ஆசிரியர்கள் 1925இலேயே சங்கம் அமைத்தார்கள். ஊதியமும் பணிப் பாதுகாப்பும் இருந்தால்தான் நல்ல ஆசிரியர் பள்ளியில் நிலைத்திருப்பார்.

பின்னர், குறித்த தேதிகளோடும் காரணங்களோடும் ஒரு கடிதம் எழுதி நிர்வாகக் குழுவிடம் கொடுத்து, தவறிய பாடங்களை எப்போது ஈடுசெய்வார்கள் என்று எழுத்து மூலமான பதிலைக் கேளுங்கள்.