குழந்தைகள் காப்பகம் கேட்டுப் பெறுவது எப்படி?

நான் ஷிப்டில் வேலை பார்க்கும் செவிலியர். வேலை இரவு எட்டுக்கு முடியும். காப்பகமோ ஆறு மணிக்கே மூடிவிடும். இந்த இடைவெளிக்காகவே வேலையை விட்ட தோழிகள் எனக்கு உண்டு.

பொதுவாக "காப்பகம் வேண்டும்" என்று கேட்டால் "பார்க்கலாம்" என்ற பதில்தான் வரும். முதலில் உடன் வேலை செய்பவர்களிடம் விசாரியுங்கள்: குழந்தையின் வயது, வேலை நேரம், இப்போது யார் பார்த்துக்கொள்கிறார்கள், சம்பளத்தில் எவ்வளவு அதற்குப் போகிறது. எல்லாம் ஒரே தாளில் அடங்கட்டும். அப்பாக்களையும் சேருங்கள், இல்லாவிட்டால் பெண்கள் பிரச்சினை என்று ஒதுக்கிவிடுவார்கள்.

அப்புறம் கோரிக்கை. "எட்டரை வரை திறந்து வையுங்கள்", "வருமானத்துக்கு ஏற்பக் கட்டணம் வையுங்கள்" என்று திட்டவட்டமாக இருக்க வேண்டும். நிர்வாகத்திடம், அனுபவசாலி விலகினால் புதியவரைப் பழக்க ஆகும் செலவைச் சொல்லுங்கள். மக்கள் பிரதிநிதியிடம் போனால், 1989-ல் ஐ.நா. ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 18-வது பிரிவைக் காட்டுங்கள். வேலைக்குப் போகும் பெற்றோரின் குழந்தைகளுக்குப் பராமரிப்புச் சேவை கிடைக்க அரசுகள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது அது.

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். காப்பக ஊழியர்களின் சம்பளத்தை வெட்டிக் கட்டணத்தைக் குறைக்கக் கூடாது. அவர்களில் பலரும் தங்கள் குழந்தைகளை விட்டுவிட்டு வருபவர்கள்தான். மீதியை அரசோ நிறுவனமோ தரட்டும்.

பேசிய அன்றே, யார் எதை எப்போது செய்வதாகச் சொன்னார்கள் என்று எழுதி அவர்களுக்கே அனுப்புங்கள். தேதி தாண்டினால் இன்னும் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு மறுபடி போங்கள்.