இரத்தம் கொடுத்தாயிற்று, இனி எதற்குப் பேப் ஸ்மியர்?

தீபாவளித் துணி எடுக்கக் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் போன இடத்தில் சின்னம்மா பையிலிருந்து ஒரு கோப்பை எடுத்து நீட்டினார். தனியார் மருத்துவமனை ஒன்றில் செய்துகொண்ட முழு உடல் பரிசோதனை. "புற்றுநோய் டி.என்.ஏ.வை இரத்தத்திலேயே பார்த்துவிட்டார்கள். ஒன்றும் இல்லையாம். இனி பேப் ஸ்மியருக்காக அந்தக் கட்டிலில் ஏறிப் படுக்கிற வேலையே வேண்டாம்." அவருக்கு வயது 52. கடைசிப் பிரசவத்துக்குப் பிறகு கருப்பை வாயைச் சோதித்துக்கொண்டதே இல்லை; அங்கிருந்து செல்களை எடுத்துப் பார்க்கும் பேப் ஸ்மியரும் இல்லை.

பெரிய தவறு இதுதான். கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் காரணம் எச்.பி.வி. என்னும் வைரஸ் கிருமி. அது மேல்தோல் அடுக்கிலேயே தங்கிவிடும். டெங்கிக் கிருமியைப் போல இரத்தத்தில் சுற்றித் திரியாது. தொற்று நீங்காமல் இருந்து புற்றுநோயாக மாறப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். அந்த நீண்ட இடைவெளியில் கெட்டுப்போகும் செல்களும் இரத்தக் குழாய் இல்லாத அந்த மேலடுக்கைத் தாண்டுவதில்லை. கட்டி உருவாகி, வளர்ந்து, அதன் செல்கள் மடியும்போதுதான் டி.என்.ஏ. துணுக்குகள் இரத்தத்தில் கலக்கின்றன. தொடக்க நிலைக் கட்டியில்கூடப் பலருக்கு அவை அகப்படுவதில்லை. புற்றுநோய் வருமுன்னே பிடிக்க வேண்டிய வேலையை, வந்த பிறகு பேசும் இரத்தத்திடம் ஒப்படைத்திருக்கிறார் சின்னம்மா.

பெயரும் குழப்புகிறது. சுகாதாரக் கிளினிக்கில் சொல்லும் 'எச்.பி.வி. டி.என்.ஏ. சோதனை' இரத்தச் சோதனை அல்ல. கருப்பை வாயிலிருந்தோ பிறப்புறுப்பிலிருந்தோ பஞ்சுக் குச்சியால் மாதிரி எடுப்பது. 2018இல் மலாயாப் பல்கலைக்கழகம் ஆஸ்திரேலியக் கூட்டாளிகளோடு தொடங்கிய 'ரோஸ்' திட்டத்தில் பெண்களே அதை எடுத்துக்கொள்கிறார்கள். முடிவு கைப்பேசிக்கு வருகிறது. அந்தக் கட்டிலே தேவையில்லை! பணம் கட்டும் முன் "மாதிரி எங்கிருந்து எடுப்பீர்கள்?" என்று கேட்டாலே குழப்பம் தீர்ந்துவிடும். 30 வயதிலிருந்து 5 முதல் 10 ஆண்டுக்கு ஒரு முறை இதைச் செய்யச் சொல்கிறது உலகச் சுகாதார நிறுவனம். பள்ளியில் தடுப்பூசி போட்டுக்கொண்ட பெண்களுக்கும் விலக்கு இல்லை. ஊசி எல்லா வகைக் கிருமியையும் தடுப்பதில்லை.

மாதவிடாய் நின்ற பிறகு இரத்தப்போக்கு, உறவுக்குப் பின் இரத்தம், துர்நாற்ற வெள்ளைப்படுதல் என்றால் எந்தப் பரிசோதனைத் தொகுப்பையும் தேடாதீர்கள். நேரே மருத்துவரிடம் போய்க் கருப்பை வாயைப் பார்க்கச் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் சதைத் துணுக்கு எடுத்துத்தான் உறுதி செய்வார்கள்.

இரத்தச் சோதனை வீண் என்று நான் சொல்லவில்லை. அது பேச வேண்டிய இடம், நோய் உறுதியாகிச் சிகிச்சை பெற்றவரின் கண்காணிப்பு. கட்டியின் டி.என்.ஏ. துணுக்குகள் இரத்தத்தில் சில மணி நேரமே தாங்கும். ஆகவே கதிர்வீச்சும் கீமோவும் முடிந்து வாரக்கணக்கான பிறகும், கட்டிச் செல்களிலிருந்து வரும் எச்.பி.வி. டி.என்.ஏ. துணுக்கு தென்பட்டால், நோய் திரும்பும் ஆபத்து அதிகம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. வழக்கமான கண்காணிப்பில் அது இன்னும் முழுமையாக இடம்பெறவில்லை.

அங்கேயும் கோட்டை விடுகிறோம். சிகிச்சைக்கு முன் ஒரு முறை இரத்தம் எடுக்காவிட்டால், பிறகு வரும் எண்ணை எதோடு ஒப்பிடுவது? கட்டியில் இருந்தது 18ஆம் வகைக் கிருமி, சோதனை தேடுவது 16ஆம் வகையை மட்டும் என்றால் 'இல்லை' என்ற பதிலுக்கு மதிப்பே இல்லை. சிறு பங்குக் கட்டிகளில் எச்.பி.வி.யே இருக்காது. இந்த முறை ஓர் ஆய்வகம், அடுத்த முறை வேறோர் ஆய்வகம் என்று மாற்றுவதும் கூடாது. அளவிடும் விதம் வேறுபடும். பட்டர்வொர்த்தில் எடுத்த இரத்தம் கோலாலம்பூருக்குப் பயணப்படும் என்றால் இரத்தம் பிடிக்கும் குழாயையும் விசாரியுங்கள். சாதாரணக் குழாயில் சில மணி நேரத்துக்குள் பிளாஸ்மாவை (இரத்தத்தின் திரவப் பகுதியை) பிரிக்காவிட்டால் வெள்ளணுக்கள் உடைந்து தம் டி.என்.ஏ.வைக் கொட்டிவிடும், தேடும் துணுக்கு அந்த வெள்ளத்தில் மறைந்துவிடும். இதற்கென்றே தனிக் குழாய்கள் இருக்கின்றன. இரத்தம் சுத்தமாக வந்ததென்று மருத்துவரின் நேரடிப் பரிசோதனையையும் ஸ்கேனையும் தள்ளிப்போடுவது எல்லாவற்றையும்விட மோசம்.

சின்னம்மாவுக்கு அடுத்த வாரம் அரசு சுகாதாரக் கிளினிக்கான கிளினிக் கெசிஹாத்தானில் தேதி வாங்கியிருக்கிறேன். அந்தக் கோப்பு வேண்டாம் என்று சொல்லியாயிற்று. எடுத்துக்கொண்டுதான் வருவார், காசு கொடுத்து வாங்கியது ஆயிற்றே.