கால் முன்னெலும்பு வலி: ஓடுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போலீஸ் வேலைக்கான எழுத்துத் தேர்வு முடிவு வந்ததும் சேலத்து மைதானங்கள் நிறைந்துவிடும். ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடியாக வேண்டும். மூச்சு சில வாரங்களிலேயே பழகிவிடும், எலும்பு உறுதிப்பட மாதக்கணக்கில் ஆகும். இந்த இடைவெளியில்தான் ஷின் ஸ்பிளின்ட் வருகிறது. முன்னெலும்பின் உள்விளிம்பில், கணுக்காலுக்கு மேலே விண்ணென்று வலிக்கும்.

"உடம்பு சூடேறினா சரியாயிடும்" என்று நம்புவது முதல் தவறு. ஆரம்பத்தில் ஓட ஓட வலி அடங்குவது உண்மைதான். ஆனால் ஓடி முடித்ததும் திரும்பி வரும், நாள் போகப் போக அடங்கவே அடங்காது. வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவது அதைவிட மோசம்.

அடுத்தது ஏற்காடு மலைப்பாதை. ஏறும்போது கெண்டைச்சதைக்குத்தான் வேலை. இறங்கும்போதோ ஒவ்வொரு அடியும் பிரேக் போடுவது, அந்த அதிர்வெல்லாம் முன்னெலும்பில் இறங்கும். இருபது கொண்டை ஊசி வளைவையும் ஓடியே இறங்குவதை வீரம் என்று நினைக்க வேண்டாம்.

தைலம் தேய்த்து எலும்பின் மேலேயே அழுத்தி நீவுவதும், "சுளுக்கு" என்று கட்டுப் போடுவதும் ஆபத்து, உள்ளே விரிசல் இருக்கலாம். விரலால் உள்விளிம்பை அழுத்திப் பாருங்கள். நான்கு விரல் அகலத்துக்குப் பரவலாக வலித்தால் பெரும்பாலும் ஷின் ஸ்பிளின்ட். ஒரே புள்ளியில் சுரீரென்றாலோ, ராத்திரியும் வலித்தாலோ ஓட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு டாக்டரைப் பாருங்கள். முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் விரிசல் தெரியாமல் போகலாம், எம்ஆர்ஐ காட்டிவிடும். மாதவிடாய் தள்ளிப்போகும் பெண்கள் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். உடம்புக்குத் தேவையான சாப்பாடு போதாதபோது மாதவிடாய் தள்ளிப்போகலாம், எலும்பும் பலவீனமாகும். ஓடும்போது பாதம் மரத்துப்போனால் அது வேறு பிரச்சினை, அதற்கும் டாக்டர்தான்.

ஷின் ஸ்பிளின்ட்தான் என்றால் நடக்கும்போது வலியில்லாத நிலை வரும்வரை ஓடாதீர்கள். சைக்கிள் ஓட்டலாம். ஐஸைத் துணியில் சுற்றி 15 நிமிடம் வைக்கலாம், ஆனால் அது வலியைத்தான் குறைக்கும். காலைத் தேற்றுவது குதிகால் தூக்கும் பயிற்சி. வலிக்காத அளவில், படிக்கட்டு விளிம்பில் நின்று முழங்காலை நீட்டி 15 முறை, மூன்று செட். அப்புறம் முழங்காலை லேசாக மடக்கி அதே கணக்கு. இந்த இரண்டாவதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள், கெண்டைச்சதைக்கு அடியில் இருக்கும் சதைக்கு அதுதான் வேலை கொடுக்கும்.

திரும்ப ஓடத் தொடங்கும்போது மண் தரையில் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, எட்டு சுற்று, ஒரு நாள் விட்டு ஒரு நாள். அடி வைப்பதைச் சற்றுக் குறுக்குங்கள். சமதளத்தில் 30 நிமிடம் வலியில்லாமல் ஓடிய பிறகு மலைக்குப் போகலாம், ஏற்றம் மட்டும். இறங்க பஸ் இருக்கிறது.