ஐஇஎல்டிஎஸ் ரைட்டிங்கில் ப்ராசஸ் டயகிராம் வந்தால் எப்படி எழுதுவது?

ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் தேர்வில் ரைட்டிங் பகுதிக்கு மொத்தம் 60 நிமிடம், இரண்டு கேள்விகள். அதில் முதல் கேள்வியான டாஸ்க் 1-க்கு 20 நிமிடம் ஒதுக்கச் சொல்வார்கள். குறைந்தது 150 சொற்கள் எழுத வேண்டும். பெரும்பாலும் கிராஃப், டேபிள், பை சார்ட் என்று எண்களோடு வரும். சில சமயம் எண் அதிகம் இல்லாமல், ஒரு வேலை படிப்படியாக எப்படி நடக்கிறது என்று காட்டும் ப்ராசஸ் டயகிராம், படமும் அம்புக்குறியுமாக வந்து நிற்கும். நான் சொல்லிக்கொடுக்கும் பிள்ளைகளில் பலருக்கு இதைப் பார்த்தால்தான் கை ஓடுவதில்லை. டாஸ்க் 1-ல் எனக்குப் பிடித்த கேள்வியோ இதுதான். எதை முதலில் சொல்வது, எதை விடுவது என்று கிராஃபில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும். இங்கே வரிசையைப் படமே கொடுத்துவிடுகிறது.

ஜெனரல் ட்ரெய்னிங் எழுதுகிறவர்களுக்கு டாஸ்க் 1 என்பது கடிதம். அவர்களுக்கு இந்தப் பதிவு தேவைப்படாது.

ஒரு உதாரணத்தை வைத்தே முழுவதையும் பார்ப்போம். தேயிலை தயாரிப்பு. படத்தில் ஏழு கட்டங்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்: கையால் கொழுந்து பறிப்பது, காற்று வீசும் தொட்டியில் 14 மணி நேரம் வாட்டுவது, இயந்திரத்தில் உருட்டுவது, நொதிக்க விடுவது, சூடான காற்றில் உலர்த்துவது, சல்லடையில் சலித்து அளவுவாரியாகப் பிரிப்பது, மூட்டை கட்டுவது. ஆங்கில வாக்கியங்களையும் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். வாய்விட்டுப் படித்துவிட்டு, நோட்டில் ஆங்கிலத்தில் நீங்களே எழுதிப் பாருங்கள். ஸ்பெல்லிங்குக்கும் பயிற்சியாகிவிடும்.

முதல் படி: எழுதாமல் பாருங்கள்

மூன்று நிமிடம் எழுதவே வேண்டாம். எத்தனை கட்டங்கள் என்று எண்ணுங்கள். எது முதல், எது கடைசி என்று பாருங்கள். அம்புக்குறி எங்காவது இரண்டாகப் பிரிகிறதா, திரும்ப ஆரம்பத்துக்கே வருகிறதா? கையால் செய்வது எது, இயந்திரம் செய்வது எது? நேரம், வெப்பநிலை என்று ஏதாவது எண் போட்டிருந்தால் அதை வட்டமிடுங்கள். எழுதும் வேகத்தில் நழுவிப்போவது பெரும்பாலும் அந்த எண்தான்.

இரண்டாம் படி: தமிழில் ஒரே மூச்சில் சொல்லுங்கள்

“தமிழில் யோசிக்காதே, ஆங்கிலத்தில் யோசி” என்று பல இடங்களில் சொல்வார்கள். இந்த ஒரு கேள்விக்கு நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். மனசுக்குள் சொல்லிப் பாருங்கள்: “கொழுந்தைப் பறித்து, வாட்டி, உருட்டி, நொதிக்கவிட்டு, உலர்த்தி, சலித்து, மூட்டை கட்டுகிறார்கள்.” ஏழு கட்டமும் ஒரே வாக்கியத்தில் வந்துவிட்டது. நம் வினையெச்சம் செய்யும் வேலை அது. இப்படிச் சொல்ல முடிந்தால் படம் உங்களுக்குப் புரிந்துவிட்டது என்று அர்த்தம். நடுவில் எங்கே தடுமாறுகிறீர்களோ, அந்தக் கட்டத்தை மறுபடி பாருங்கள்.

மூன்றாம் படி: அறிமுகம், ஒரே வாக்கியம்

கேள்வியில் “தி டயகிராம் பிலோ ஷோஸ் ஹவ் பிளாக் டீ இஸ் மேட்” என்று இருந்தால், அதை அப்படியே காப்பியடிக்கக் கூடாது. “தி டயகிராம் இல்லஸ்ட்ரேட்ஸ் தி ஸ்டேஜஸ் இன்வால்வ்ட் இன் தி புரொடக்‌ஷன் ஆஃப் பிளாக் டீ.” போதும். ‘பிலோ’வை விட்டுவிடுங்கள்; உங்கள் விடைத்தாளில் கீழே படம் இல்லை. ‘டீ’ என்ற சொல்லுக்கு வேறு சொல் தேடி அலையவும் வேண்டாம்.

நான்காம் படி: ஓவர்வியூ

இதைத் தவிர வேறு எதை மறந்தாலும் சமாளித்துவிடலாம். படத்தை மொத்தமாகப் பார்த்து இரண்டு வாக்கியம் சொல்வதுதான் ஓவர்வியூ. அது இல்லாமல் எழுதினால், விடை எவ்வளவு நன்றாக இருந்தாலும் டாஸ்க் அச்சீவ்மென்ட் என்ற மதிப்பீட்டில் பேண்ட் (மதிப்பெண் நிலை) 5-ஐத் தாண்டுவது கஷ்டம். நான்கு மதிப்பீடுகளில் அது ஒன்று. டாஸ்க் 1 மதிப்பெண்ணில் கால் பங்கு.

“ஓவரால், தேர் ஆர் செவன் ஸ்டேஜஸ் இன் தி ப்ராசஸ், பிகினிங் வித் தி பிளக்கிங் ஆஃப் ஃப்ரெஷ் லீவ்ஸ் அண்ட் எண்டிங் வித் தி பேக்கிங் ஆஃப் ட்ரைட் டீ.” இது பலரும் எழுதும் வாக்கியம், தப்பில்லை. ஆனால் இதோடு நிறுத்தாதீர்கள். முதல் படியில் கையா இயந்திரமா என்று பார்த்தோமே, அதை இங்கே சேருங்கள்: முதல் வேலை மட்டும் கையால் நடக்கிறது, அதன் பிறகு பெரும்பாலும் இயந்திரமே செய்கிறது. படத்தை நீங்கள் உட்கார்ந்து கவனித்திருக்கிறீர்கள் என்பதை அந்த ஒரு வரி காட்டிவிடும்.

ஐந்தாம் படி: ‘படு’ வருகிறதா என்று பாருங்கள்

ப்ராசஸ் டயகிராமுக்கு சிம்பிள் ப்ரெசன்ட் டென்ஸ்தான். யார் செய்கிறார்கள் என்பது முக்கியமில்லாததால் பாஸிவ் வாய்ஸ் நிறைய வரும். குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது: எல்லா வினையையும் பாஸிவ் ஆக்கிவிடுகிறார்கள்.

இதற்குத் தமிழே ஒரு அளவுகோல் தருகிறது. ‘பறிக்கப்படுகிறது’, ‘உலர்த்தப்படுகிறது’ என்று ‘படு’ சேர்த்துச் சொல்ல முடிந்தால் பாஸிவ். “டூ லீவ்ஸ் அண்ட் எ பட் ஆர் பிளக்ட் ஃப்ரம் ஈச் ஷூட் பை ஹேண்ட்.” தானாக நடப்பதற்கு ‘படு’ ஒட்டாது. கொசுவின் வாழ்க்கைச் சுழற்சி வருகிறது என்று வையுங்கள். முட்டை தண்ணீரின் மேல் இடப்படுகிறது. ‘படு’ வருகிறது, எனவே “ஆர் லெய்ட்”. அந்த முட்டை பொரிகிறது, புழு வளர்கிறது, கூட்டிலிருந்து கொசு வெளியே வருகிறது. எதிலும் ‘படு’ இல்லை. “தி எக்ஸ் ஹாட்ச் இன்டு லார்வே” என்றுதான் எழுத வேண்டும். “தி லார்வே ஆர் பிகம்” என்று எழுதும் பிழையை வாரம் ஒருமுறையாவது திருத்துகிறேன்.

தேயிலையில் ஒரு நுட்பமான இடம் இருக்கிறது. இலை வாடுகிறது, நாம் அதை வாட்டுகிறோம். வாட விட்டுவைக்கிறோம் என்பதுதான் அங்கே நடப்பது. “தி லீவ்ஸ் ஆர் லெஃப்ட் டு விதர் ஃபார் ஃபோர்ட்டீன் அவர்ஸ்” என்று எழுதினால் இரண்டும் அடங்கிவிடும். நொதிக்க விடுவதற்கும் இதே அமைப்பு உதவும்.

ஆறாம் படி: வாக்கியங்களைக் கோப்பது

போன வருடம் என்னிடம் படித்த ஒரு செவிலியர் இலக்கணப் பிழையே இல்லாமல் ஏழு வாக்கியம் எழுதியிருந்தார். அதில் ஆறு, “ஆஃப்டர் தட்” என்று தொடங்கின. பேச்சில் “அப்புறம்… அப்புறம்…” என்று கதை சொல்வோமே, அது அப்படியே ஆங்கிலத்தில் இறங்கியிருந்தது. ‘ஃபர்ஸ்ட்லி, செகண்ட்லி, தேர்ட்லி’ என்று போனாலும் இதே கதிதான்.

அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். அதே இலைதான் ஏழு கட்டங்களையும் கடந்து போகிறது. அதன் பெயர் மட்டும் மாறிக்கொண்டே வருகிறது. பறித்த இலை, வாடிய இலை, உருட்டிய இலை, நொதித்த இலை, உலர்ந்த இலை. நம் பெயரெச்சத்தை ஆங்கிலத்தில் வெர்பின் மூன்றாம் வடிவம் தருகிறது: “தி விதர்ட் லீவ்ஸ்”, “தி ரோல்ட் லீவ்ஸ்”, “தி ட்ரைட் லீவ்ஸ்”. “தி விதர்ட் லீவ்ஸ் ஆர் தென் ஃபெட் இன்டு எ ரோலர்” என்று எழுதும்போது, வாட்டும் வேலை முடிந்துவிட்டது என்பதை அந்த ‘விதர்ட்’ சொல்லிவிடுகிறது. “ஆஃப்டர் தட்” அங்கே தேவையே இல்லை. அவர் அன்றைக்கே அந்தப் பத்தியைத் திருத்தி எழுதினார். ஏழு வாக்கியத்திலும் இரண்டே இணைப்புச் சொற்கள் மிஞ்சின.

இன்னும் இரண்டு கருவிகள். இரண்டு கட்டங்களை ஒரே வாக்கியத்தில் சேர்க்க ‘பிஃபோர் பீயிங்’: “தி ட்ரைட் லீவ்ஸ் ஆர் சார்ட்டட் பை சைஸ் பிஃபோர் பீயிங் பேக்ட் இன் சாக்ஸ்.” எதுவரை என்று சொல்ல ‘அன்டில்’: “ஹாட் ஏர் இஸ் பாஸ்ட் ஓவர் தி ஃபெர்மென்டட் லீவ்ஸ் அன்டில் தே ஆர் ட்ரை.” ஒரு எச்சரிக்கையும் உண்டு. ‘பறித்து’ என்பதை அப்படியே ‘பிளக்கிங்’ என்று தொடங்கி, “பிளக்கிங் தி லீவ்ஸ், தே ஆர் விதர்ட்” என்று எழுதிவிடாதீர்கள். தமிழ் வினையெச்சத்துக்கு அங்கே நேரான இணை “ஆஃப்டர் பீயிங் பிளக்ட்”.

விவரத்தை இரண்டு பத்தியாகப் பிரிப்பது நல்லது. தேயிலையில் உருட்டுவது வரை ஒன்று, நொதிப்பதிலிருந்து இன்னொன்று.

அம்புக்குறி பிரிந்தால் அல்லது சுழன்றால்

பிரிகிற இடத்தில் ‘அட் திஸ் பாயின்ட்’ என்று நிறுத்தி, ஒரு கிளையை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். மாறி மாறி எழுதினால் படிப்பவர் தொலைந்துபோவார். சுழற்சி என்றால் ஓவர்வியூவிலேயே ‘சைக்கிள்’ என்ற சொல் வர வேண்டும். கடைசியில் “தி சைக்கிள் தென் பிகின்ஸ் அகெய்ன்” என்று முடிக்கலாம்.

படத்தில் இல்லாததை எழுதாதீர்கள்

தேயிலை ‘நொதித்தல்’ என்பது உண்மையில் ஆக்சிஜனேற்றம். அது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம், நீலகிரியில் தொழிற்சாலையை நேரிலேயே பார்த்திருக்கலாம். சந்தோஷம், ஆனால் விடையில் அதற்கு இடமில்லை. படத்தில் ‘ஃபெர்மென்டேஷன்’ என்று போட்டிருந்தால் அதையே எழுதுங்கள். “டீ உடம்புக்கு நல்லது” மாதிரியான கருத்துகளும் வேண்டாம், முடிவுரையும் வேண்டாம். கடைசிக் கட்டத்தைச் சொன்னதும் நிறுத்திவிடலாம்.

கடைசி மூன்று நிமிடம்

படத்துக்குத் திரும்பிப் போங்கள். நீங்கள் எழுதிய ஒவ்வொரு கட்டத்துக்கும் படத்தில் ஒரு டிக் போடுங்கள். டிக் விழாத கட்டம் இருந்தால் ஒரு வாக்கியம் சேருங்கள். வட்டமிட்ட 14 மணி நேரம் விடையில் வந்துவிட்டதா? அப்புறம் வினைகளை மட்டும் பாருங்கள்: ‘லீவ்ஸ்’ என்று பன்மையில் எழுதிவிட்டு ‘இஸ்’ போட்டிருக்கிறீர்களா, ‘ஆர் பிளக்’ என்று ‘ட்’ இல்லாமல் நிற்கிறதா? கம்ப்யூட்டரில் எழுதினால் சொற்களின் எண்ணிக்கை திரையிலேயே தெரியும். தாளில் எழுதுகிறவர்கள் ஒரு வரிக்கு எத்தனை சொற்கள் விழுகின்றன என்று வீட்டிலேயே எண்ணிவைத்துக்கொண்டால், தேர்வு அறையில் வரியை மட்டும் எண்ணினால் போதும். 160, 180 சொற்கள் வந்ததும் டாஸ்க் 2-க்குப் போய்விடுங்கள். அதற்கு இரண்டு மடங்கு மதிப்பு.